பாட்டி வைத்துப்போன வெள்ளிக் காசு: அசலா, போலியா, எவ்வளவு பெறும்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, சந்தா, கடன் வசூல் எல்லாம் பேசி முடித்தாச்சு. வழக்கமாக இந்த நேரத்தில் சாமை, புளி, ஆடு என்று ஏதாவது தொழிலைப் பற்றிப் பேசுவோம். இந்த மாதம் பழைய வெள்ளிக் காசைப் பற்றிப் பேசப்போகிறோம். "அதுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் வந்துவிட்டது.

நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி 8,000 ரூபாய் உள்கடன் கேட்டார். என்ன தேவைக்கு என்று கேட்டால் "நகை மீட்க" என்றார். எந்த நகை, எந்தக் கடை என்று ஊக்குநர் கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது, பரணில் இருந்த பானைக்குள் மாமியாரின் சுருக்குப்பை கிடைத்திருக்கிறது. அதில் ஏழு காசு. பையன் அதைப் படம் எடுத்து போனில் போட்டிருக்கிறான். மறுநாளே ஒருவர் கூப்பிட்டு, "அம்மா, இந்த ஒரு காசு மட்டும் ஐந்து லட்சம் போகும். நாங்கள் ரிசர்வ் வங்கி மூலமாக வாங்குகிறோம். பதிவுக் கட்டணம் 2,500 அனுப்புங்கள்" என்றிருக்கிறார். வங்கியின் சின்னம் போட்ட கடிதமும் போனில் வந்திருக்கிறது. இவர் ஆடு விற்ற பணத்தை அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் "வரி 8,000 கட்டினால் பணம் உங்கள் கணக்கில் ஏறிவிடும்" என்று வந்தது. அந்த 8,000-க்குத்தான் நம்மிடம் கடன் கேட்டார்.

அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். மகளை நர்சிங் சேர்க்கப் பணம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. நம்மில் யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் நம்பித்தான் இருப்போம்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம். ரிசர்வ் வங்கி யாரிடமும் பழைய காசு, பழைய நோட்டு வாங்கி விற்பது கிடையாது. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் கிடையாது. தன் பெயரையும் சின்னத்தையும் வைத்து இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு கொடுத்தது. காசு வாங்குகிறவர் நமக்குப் பணம் தர வேண்டியவர். அவர் நம்மிடம் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு. நம் சகோதரி பத்து நாள் கழித்துத்தான் சொன்னார். 2,500 இன்னும் திரும்பவில்லை.

சரி, காசுக்கு வருவோம். ஏழு காசையும் ஒரு முறத்தில் கொட்டி நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம். எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. படித்தும் கேட்டும், புதூர்நாடு வழியாகத் திருப்பத்தூருக்கு இரண்டு தடவை இறங்கிப்போயும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறோம்.

நம் வீடுகளில் கிடைக்கும் வெள்ளி ரூபாய் பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்து ரூபாய்தான். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சி முழுவதற்கும் ஒரே மாதிரியான ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 11.66 கிராம். அதாவது நம் பழைய கணக்கில் ஒரு தோலா. பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு கலப்பு. நூற்றுக்குக் கணக்குப் பார்த்தால் 91.7. இந்த எடையும் தரமும் நூறு வருடத்துக்கு மேல் மாறவில்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் வெள்ளியையே ரூபாய் எடைக்கு எடை வைத்து நிறுத்தார்கள்.

காசில் யார் முகம் இருக்கிறது என்று பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். 1840 முதல் 1901 வரை விக்டோரியா ராணி. அதிலும் 1877-க்கு முன்னால் "ராணி" என்றும், அதற்குப் பிறகு "பேரரசி" என்றும் இங்கிலீஷில் எழுதியிருக்கும். 1903 முதல் 1910 வரை எட்வர்டு ராஜா. தலையில் கிரீடமே இருக்காது, மொட்டைத்தலை ராஜா என்று பெரியவர்கள் சொல்வது இவரைத்தான். 1911 முதல் கிரீடமும் அங்கியும் போட்ட ஐந்தாம் ஜார்ஜ். பிறகு ஆறாம் ஜார்ஜ்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் வெள்ளி பாதிதான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை அதே 11.66 கிராம், முகமும் ஆறாம் ஜார்ஜ்தான். அதனால் கையில் வாங்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வருடத்தைப் பாருங்கள், விளிம்பையும் பாருங்கள். பழைய ரூபாயின் விளிம்பில் வெறும் பல்பல்லாக இருக்கும். இந்தப் போர்க்கால ரூபாயில் அந்தப் பற்களுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். 1947-இல் வந்த, புலி படம் போட்ட ரூபாயில் வெள்ளி ஒரு குண்டுமணிகூட இல்லை. முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

நம் சகோதரியின் ஏழு காசில் 1862 ராணி இரண்டு, 1900 ராணி ஒன்று, மொட்டைத்தலை ராஜா 1907 ஒன்று, ஐந்தாம் ஜார்ஜ் 1918 ஒன்று, 1944 ஒன்று. ஏழாவதில் ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று இங்கிலீஷில் இருந்தது. போன்காரர் ஐந்து லட்சம் என்று சொன்னது இந்த ஏழாவதைத்தான்!

அது காசே கிடையாது. கம்பெனி அப்படி ஒரு நாணயம் அடிக்கவே இல்லை. 1616, 1717, 1818 என்று ஏதாவது ஒரு வருடத்தைப் போட்டு, சாமி படம் வைத்து, பூஜைக்கும் திருவிழாக் கடைக்கும் என்று பிற்காலத்தில் அடித்து விட்ட வில்லைகள் இவை. இதே வில்லையை வைத்துத்தான் "அரிசியை இழுக்கும் காசு", "இரிடியம்" என்றெல்லாம் சொல்லி ஊர் ஊராக லட்சக்கணக்கில் ஏமாற்றுகிறார்கள். அதற்காக, சாமி படம் இருந்தாலே பொய் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். 1800-களின் ஆரம்பத்தில் சென்னையில் கம்பெனி அடித்த வெள்ளிக் காசு ஒன்றில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் பெருமாள். தமிழும் தெலுங்கும் எழுதியிருக்கும். அது அசல் நாணயம்தான். அதேபோல பாரசீக எழுத்து மட்டும் உள்ள ஆற்காடு ரூபாயும் உண்டு. நம் பக்கத்து ஆற்காட்டின் பெயர்தான். அந்த எழுத்தை நம்மால் படிக்க முடியாது என்பதற்காகத் தட்டார் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடக் கூடாது. அப்படி எதுவும் கிடைத்தால் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத்தான் மறுவேலை.

இப்போது சோதனை. பெரியவர்கள் காசைக் கல்லில் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல வெள்ளி "கிணிங்" என்று நின்று ஒலிக்கும். ஆனால் காதை மட்டும் நம்ப முடியாது. காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வெள்ளி கிடையாது. ஆனால் ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி என்றும் அர்த்தமில்லை. பித்தளை, செம்பு, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது.

எங்களுக்கு ரொம்பப் பிடித்தது தண்ணீர் சோதனை. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போலச் சின்ன மின்தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில் காசை நிறுக்க வேண்டும். ரூபாய் என்றால் 11.66-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை. 10 கிராம், 13 கிராம் என்று காட்டினால் சந்தேகம். பிறகு ஒரு சின்ன டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்துத் தராசின் மேல் வைத்து, பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது தராசு ஒரு எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். பழைய நல்ல ரூபாய்க்கு விடை 10.3 அளவில் வரும். போர்க்கால ரூபாய்க்கு 9.5. பித்தளை என்றால் எட்டரைக்குப் பக்கம். கணக்கு வராது என்று பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டால் போதும், போனிலேயே கால்குலேட்டர் இருக்கிறது.

நாங்கள் செய்து பார்த்தோம். 1900 ராணி 11.6 கிராம் இருந்தது, தண்ணீரில் 1.13 காட்டியது. வகுத்தால் பத்தேகாலுக்கு மேல். ராமர் வில்லை 18 கிராம் இருந்தது, தண்ணீரில் 2.1 காட்டியது. எட்டரைதான். வெள்ளி முலாம் பூசிய பித்தளை. அதைப் பார்த்ததும் அந்தச் சகோதரி சிரித்துவிட்டார். "இதுக்கா நான் ஆட்டை வித்தேன்?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் எங்களுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

வெள்ளியாக இருந்தும் போலியாக இருக்கிற காசும் உண்டு. ராணி படம் போட்டு இந்தக் காலத்தில் புதிதாக அடித்து, பூஜைக்கும் பரிசுக்கும் விற்கிறார்கள். அதில் வெள்ளிக்கு விலை உண்டு, பழமைக்கு விலை கிடையாது. அச்சில் வார்த்த போலியில் எழுத்து மழுங்கியிருக்கும். மேல்பரப்பில் ஊசிமுனை போலப் பொடிப்பொடி ஓட்டை இருக்கும். விளிம்பில் ஒட்டுப் போட்ட கோடு தெரியும். சந்தேகம் இல்லாத ஒரு அசல் காசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நம் கண்ணுக்கே பிடிபடும்.

கடைசியாக டச் மெஷின். திருப்பத்தூரில் நகைத் தரம் பார்க்கும் கடையில் சிறு கட்டணத்துக்கு வைத்துப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை வெள்ளி என்று சீட்டே கொடுக்கிறார்கள். உரசாமல், உருக்காமல் பார்க்கும் மெஷின் இது. "உருக்கிப் பார்த்துச் சொல்றேன்" என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள். உருக்கினால் அது வெறும் வெள்ளிக் கட்டி.

விலைக்கு வருவோம். பழைய காசுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று வெள்ளியின் விலை, இன்னொன்று சேகரிக்கிறவர்கள் தரும் விலை. வெள்ளி விலையை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 11.66 கிராம் ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம். போர்க்கால ரூபாயில் 5.83 கிராம். 2025-ஆம் வருடத்தில் வெள்ளி கிராம் 200 ரூபாயைத் தாண்டி ஏறியது. கணக்குக்கு 200 என்றே வைப்போம். நல்ல ரூபாய் ஒன்று 2,138 ரூபாய். போர்க்கால ரூபாய் 1,166. நம் சகோதரியின் ஐந்து நல்ல ரூபாயும் 1944-ம் சேர்த்து 11,856 ரூபாய். தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையும். கடைக்காரரும் தன் லாபத்துக்குப் பிடிப்பார். போன்காரர் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு முன்னால் மலைக்குத் துணி விற்க வந்த ஒரு வியாபாரி "எல்லாம் செல்லாத காசு, ஏழுக்கும் சேர்த்து 3,500 தர்றேன்" என்று கேட்டிருக்கிறார். செல்லாத காசு என்பது உண்மைதான். வெள்ளி ரூபாய்களின் செல்லுபடியை 1940-களில் அரசாங்கமே நிறுத்திவிட்டது. ஆனால் கடையில் செல்லாதது வேறு, வெள்ளி வேறு. வெள்ளியை எண்ணிக்கைக்கு விற்காதீர்கள், எடைக்கு விற்கவும்.

சேகரிப்பவர் விலை என்பது அந்தக் காசு எவ்வளவு அரிது, எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழசு என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. 1862 என்று போட்ட ராணி ரூபாய் நூற்று அறுபது வருடத்துக்கு மேல் பழசு. ஆனால் அந்த ஒரே வருடத்தைப் போட்டே பத்து வருடத்துக்கும் மேலாக அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அதனால் ஏராளமாகக் கிடைக்கிறது. அதைவிட ரொம்பப் பின்னால் வந்த 1939 ரூபாய் அரிது. அதற்கு நல்ல விலை என்பதால் 1938-இல் உள்ள எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 1911 ஜார்ஜ் ரூபாயின் கதை வேடிக்கையானது. ராஜாவின் அங்கியில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அடித்ததில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டு, 1912-இல் யானைக்குத் தும்பிக்கையைச் சரியாக வரைந்து அடித்தார்கள். அந்தப் பன்றி ரூபாயை இன்றைக்கும் தேடுகிறார்கள்.

இந்த இடத்தில் எங்கள் தப்பு ஒன்றையும் ஒத்துக்கொள்கிறோம். முறத்தில் கொட்டிய அன்றைக்கே, காசு கறுத்துக் கிடக்கிறதே என்று புளியும் சாம்பலும் போட்டு இரண்டு காசைப் பளபளவென்று தேய்த்துவிட்டோம். அந்த மொட்டைத்தலை ராஜாவின் மீசை மழுங்கியதுதான் மிச்சம். கறுப்பு என்பது அழுக்கில்லை, வெள்ளிக்குக் காலத்தால் வரும் நிறம். சேகரிக்கிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். தேய்த்த காசு என்று பார்த்தவுடன் கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்கள். மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுத்தால் போதும். மாலையில் கோர்க்க வளையம் வைத்துப் பற்றவைத்த காசுக்கும், ஓட்டை போட்ட காசுக்கும் வெள்ளி விலைதான் கிடைக்கும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பரணிலும் பெட்டியிலும் இருந்த குடும்பக் காசு நம்முடையது, யாருக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் நிலத்தை உழும்போதோ, கடைக்கால் தோண்டும்போதோ மண்ணுக்குள் இருந்து கிடைத்தால் அது புதையல். 1878-ஆம் வருடச் சட்டம் இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் மூலமாகத் தெரிவிக்கலாம். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. தெரிவித்தால், உரிமை கோர வேறு யாரும் இல்லையென்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு அதை எடுத்துக்கொண்டால் அதன் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்கவும் சட்டம் சொல்கிறது. நம் ஜவ்வாது மலையிலேயே, 2025 நவம்பரில் கோவிலூர் சிவன் கோயில் திருப்பணியின்போது மண் கலயத்தில் 103 தங்கக் காசு கிடைத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலை செய்தவர்கள் ஆளுக்கொன்றாக முடிந்துகொள்ளவில்லை. அதிகாரிகளுக்குத் தகவல் போய், காசு முழுவதும் அவர்கள் கைக்குச் சென்றது. இன்னொன்று, நூறு வருடத்துக்கு மேல் பழசான காசு தொல்பொருள் கணக்கில் வரும். வெளிநாட்டுக்காரர் கேட்கிறார் என்று யார் சொன்னாலும் அனுப்பக் கூடாது.

என்ன காசு என்று தெரியாவிட்டால் வேலூர் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலோ, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலோ காட்டிக் கேட்கலாம். எழும்பூரில் பழங்காசுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. என்ன காலம், யார் அடித்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விலையை எதிர்பார்க்காதீர்கள், அது அவர்கள் வேலை கிடையாது.

நம் சகோதரி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தேய்த்துக் கெடுத்த இரண்டையும் 1944-ஐயும் மட்டும் விற்றார். டச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடைக்கும் மூன்றாம் கடைக்கும் ஒரு காசுக்கு முந்நூறு ரூபாய் வித்தியாசம். மகளின் கட்டணத்துக்குக் குறைந்த தொகையைக் குழு உள்கடனாகக் கொடுத்திருக்கிறது. இந்தத் தடவை கடன் மனுவில் காரணத்தை உள்ளபடியே எழுதிக் கொடுத்தார். மீதி மூன்று காசும் தனித்தனிக் காகித உறையில், வருடம், எடை எழுதி, அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

கூட்டமைப்புப் பணத்தில் அந்தச் சின்னத் தராசை வாங்கித் தலைவி வீட்டில் வைத்திருக்கிறோம். வீட்டில் காசு இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள், கூடவே எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் கூட்டி வாருங்கள். புளியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.